நாட்டார் கலைக்குழுவை வெளிநாட்டு விழாவுக்கு அழைத்துச் செல்பவர்களுக்கு: பதினைந்து மாத வேலை, படிப்படியாக

நாட்டார் கலைக்குழு ஒன்றை முதல்முறையாக வெளிநாட்டு விழாவுக்கு அழைத்துப் போகும் பொறுப்பு உங்கள் தலையில் விழுந்திருக்கிறதா? அப்படியென்றால் இது உங்களுக்காகத்தான் எழுதியது. நான் முதல்முறை ஒரு குழுவை அழைத்துப் போனபோது எனக்கு வழி சொல்ல ஆள் இல்லை. 26 பேர் கிளம்ப வேண்டிய குழுவில் நான்கு பேருக்குக் கடைசி வாரத்தில்தான் விசா வந்தது. ஒருவருக்கு வரவே இல்லை. ஒரு தோற்கருவி சுங்கத்தில் பிடிபட்டு நின்றுவிட்டது.

இவற்றையெல்லாம் எப்படியோ சமாளித்துவிட்டோம். சரியாகாமல் போனது வேறொன்று. விடிய விடிய நடக்கும் ஆட்டத்தை மேடைக்காகப் பன்னிரண்டு நிமிடமாகச் சுருக்கினோம். ஊர் திரும்பிய பிறகும் இளையவர்கள் அந்தப் பன்னிரண்டு நிமிடத்தையே ஆடினார்கள். முழு ஆட்டமும் மனப்பாடமாக இருந்த பெரியவர் அடுத்த ஆண்டு காலமானார். நடுப்பகுதிப் பாட்டுகள் அவரோடு போயின. கலையைக் காப்பாற்றத்தான் விழாவுக்குப் போகிறோம் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தவன் நான். அதனால் இந்த வரிசையில் பாஸ்போர்ட்டுக்கு முன்னால் வேறொரு வேலையை வைத்திருக்கிறேன். அதைத் தாண்டிப் போய்விடாதீர்கள்.

1. முதலில் முழுக் கலையையும் பதிவு செய்யுங்கள் (15 மாதம் முன்பு)

விழாவுக்கு விண்ணப்பிக்கும் முன்பே இதை முடித்துவிடுங்கள். விண்ணப்பம் போன பிறகு ஒத்திகை, விசா, பணம் என்று ஓட்டம் தொடங்கிவிடும். அதன் பிறகு பெரியவர்களோடு நிதானமாக உட்கார நேரமே கிடைக்காது.

பதிவை மேடையில் எடுக்காதீர்கள். அந்தக் கலை வழக்கமாக எங்கே, எந்த நேரத்தில், யார் முன்னிலையில் நடக்குமோ அங்கேயே எடுங்கள். ஒரு கேமரா முக்காலியில் அசையாமல் நின்று, ஆடுபவர்களின் கால் தெரியும்படி முழுக் காட்சியையும் எடுக்கட்டும். முகத்தை நெருங்கி எடுக்கும் அழகான காட்சிகளை வைத்து அடவு கற்க முடியாது. கால் எங்கே போனது என்று பார்த்தால்தான் நாளை ஒருவரால் அதைத் திருப்பி ஆட முடியும். ஒலியைத் தனியாக, எம்பி3 வடிவில் அல்லாமல் சுருக்கப்படாத வேவ் கோப்பாக எடுங்கள். ஒலி ஆவணக் காப்பகங்கள் கேட்கும் குறைந்தபட்ச அளவு 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். சாதாரணக் கைப்பதிவுக் கருவியிலேயே இந்த அமைப்பு இருக்கிறது.

ஆட்டம் முடிந்த மறுநாள் பெரியவரை உட்கார வைத்து, பதிவைப் போட்டுக் காட்டிக் கேள்வி கேளுங்கள். "இந்த இடத்தில் ஏன் நிறுத்தினீர்கள்?", "இந்தப் பாட்டை யாரிடம் கற்றீர்கள்?", "உங்கள் சின்ன வயதில் இது வேறு மாதிரி இருந்ததா?" ஆட்டத்தைவிட இந்த உரையாடலில்தான் பல விஷயங்கள் வெளிவரும். நாங்கள் காலம் கடந்து இதைச் செய்தபோது ஒரு பாட்டி பதிவைக் கேட்டுவிட்டு, "இது இரண்டாம் பாட்டு ஐயா, முதல் பாட்டை விட்டுவிட்டார்கள்" என்றார். அந்த முதல் பாட்டு ஒன்று இருந்தது என்பதே எங்கள் யாருக்கும் தெரியாது.

ஒப்புதலை மூன்றாகப் பிரித்துக் கேளுங்கள். காப்பகத்தில் வைக்கலாமா, கற்பிக்கப் பயன்படுத்தலாமா, இணையத்தில் எல்லோரும் பார்க்கும்படி போடலாமா? ஒன்றுக்குச் சம்மதித்தவர் மூன்றுக்கும் சம்மதித்ததாக ஆகாது. எழுதப் படிக்கத் தெரியாதவரிடம் கைநாட்டு வாங்குவதோடு நிறுத்தாமல், அவர் தம் வாயால் சம்மதம் சொல்வதையும் பதிவு செய்யுங்கள். மரபுக் கலைகளையும் வழக்கங்களையும் காப்பதற்கென்று யுனெஸ்கோவின் கீழ் 2015இல் ஏற்கப்பட்ட பன்னிரண்டு அறநெறிக் கோட்பாடுகளில், முன்கூட்டியே விவரம் சொல்லிச் சுதந்திரமாகப் பெறும் ஒப்புதல் ஒரு முக்கியமான அம்சம். வெளியார் பார்க்கக்கூடாத சடங்குப் பகுதி இருக்குமானால், எதைக் காட்டலாம், எதைக் காட்டக்கூடாது என்று முடிவு செய்யவேண்டியது அந்தச் சமூகம்தான். நீங்களோ விழாக் குழுவோ அதைத் தீர்மானிக்கக் கூடாது.

பதிவுக்கு மூன்று பிரதிகள் வேண்டும். இரண்டு வெவ்வேறு வகைச் சேமிப்பில் இருக்கட்டும், ஒன்று வேறு ஊரில் இருக்கட்டும். பாடியவரின் குடும்பத்துக்கும் ஒரு பிரதி கட்டாயம் கொடுங்கள்.

2. விழாவைத் தேர்ந்தெடுப்பது (12 முதல் 14 மாதம் முன்பு)

ஐரோப்பாவின் பெரிய நாட்டார் விழாக்கள் பெரும்பாலும் ஜூலை, ஆகஸ்டில் நடக்கின்றன. குழுக்களை முந்தைய ஆண்டின் கடைசி மாதங்களிலேயே முடிவு செய்துவிடுவார்கள். ஜனவரியில் விண்ணப்பம் தேடத் தொடங்கினால் அந்த ஆண்டு போய்விட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய பெயர் சியோஃப். நாட்டார் விழாக்களை நடத்துவோரின் சர்வதேச அமைப்பு இது. 1970இல் பிரான்சின் கோன்ஃபோலான் நகரில் தொடங்கியது. யுனெஸ்கோவோடு அதிகாரபூர்வத் தொடர்புள்ள அரசுசாரா அமைப்பு. பல நாடுகளில் இதற்குத் தேசியக் கிளைகள் உண்டு. அதன் விழாக்கள் பல, குழுக்களை அந்தக் கிளைகள் வழியாகவே எடுக்கும். ஆகவே விழாவுக்கு நேராக எழுதுவதற்கு முன் உங்கள் நாட்டுக் கிளைக்கு எழுதுங்கள். ஐஓவி என்ற இன்னொரு சர்வதேச நாட்டார் கலை அமைப்பும் 1979 முதல் இயங்குகிறது. அதில் தனி ஆய்வாளர்களும் கலைஞர்களும்கூட உறுப்பினராகலாம்.

சியோஃப் குழுக்களை மூன்று வகையாகப் பார்க்கிறது. மரபு மாறாமல் ஆடுபவர்கள், மரபை மேடைக்காகச் செம்மைப்படுத்தியவர்கள், மரபிலிருந்து எடுத்துப் புதிதாக அமைத்தவர்கள். நீங்கள் எந்த வகை என்பதை நேர்மையாக எழுதுங்கள். போலந்தின் சாகோபானேயில் நடக்கும் மலைநாட்டு நாட்டார் விழாவில் போட்டிப் பரிசே இப்படி வகைவாரியாகத்தான் கொடுக்கிறார்கள். பரிசு, தங்க நிற மேய்ப்பர் கோடரி. மெருகேற்றிய ஆட்டத்தை "ஆயிரம் ஆண்டு மாறாத மரபு" என்று எழுதிக் கொண்டுபோனால், எதிரே உட்கார்ந்திருக்கும் நாட்டார் வழக்காற்று அறிஞர் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடுவார்.

போட்டி விழாவா, போட்டியில்லாத விழாவா என்பதையும் பாருங்கள். வேல்சின் லாங்கோலன் 1947 முதல் நடக்கும் போட்டி விழா. முதல் பயணத்துக்குப் போட்டியில்லாத விழாதான் நல்லது என்பது என் கருத்து. போட்டி என்று வந்துவிட்டால் குழுவுக்குள் "இன்னும் வேகமாக, இன்னும் கலர்ஃபுல்லாக" என்ற பேச்சு எழும். பெரியவர்கள் மெல்ல ஓரத்துக்குத் தள்ளப்படுவார்கள்.

இங்கே மூன்று பொறிகள் இருக்கின்றன.

ஒன்று, விழா என்ற பெயரில் வரும் சுற்றுலாப் பொதி. "உங்கள் குழு தேர்வாகிவிட்டது" என்று மின்னஞ்சல் வரும். நீங்கள் விண்ணப்பித்தே இருக்க மாட்டீர்கள். தலைக்கு இவ்வளவு என்று பங்கேற்புக் கட்டணமும் அவர்கள் சொல்லும் ஹோட்டலில் தங்கும் செலவும் உங்கள் தலையில்தான். உங்கள் ஆட்டத்தின் வீடியோவைக்கூடக் கேட்டிருக்க மாட்டார்கள். முறையான விழாக்களில் பயணச் செலவு குழுவுடையது. தங்குமிடம், உணவு, உள்ளூர்ப் போக்குவரத்து விழாவுடையது. இதுதான் பரவலான வழக்கம். இதிலிருந்து ரொம்பவும் விலகிப் போகும் அழைப்பைச் சந்தேகப்படுங்கள். கடந்த ஆண்டு அங்கே போய்வந்த இரண்டு குழுக்களின் தொடர்பைக் கேளுங்கள். நல்ல விழா தயங்காமல் கொடுக்கும்.

இரண்டு, "யுனெஸ்கோ சான்றிதழ்". உங்கள் குழுவுக்கு யுனெஸ்கோ அங்கீகாரம் வாங்கித் தருகிறோம் என்று எவராவது பணம் கேட்டால் விலகிவிடுங்கள். மரபுக் கலைகளையும் வழக்கங்களையும் காப்பதற்கான யுனெஸ்கோவின் 2003ஆம் ஆண்டு உடன்படிக்கையின் பட்டியல்களில் கலைகளையும் வழக்கங்களையும் சேர்க்கப் பரிந்துரைப்பது அரசுகள்தான். தனிக் குழுவுக்குச் சான்றிதழ் தருகிற ஏற்பாடு அந்த உடன்படிக்கையில் இல்லை.

மூன்றாவது பொறி விசா வேட்டைக்காரர்கள். இதை ஆறாம் படியில் சொல்கிறேன்.

3. விண்ணப்பக் கோப்பு

இதற்கு ஒரு மாதம் ஒதுக்குங்கள். வழக்கமாகக் கேட்பவை:

- வெட்டி ஒட்டாத, தொடர்ச்சியான ஆட்ட வீடியோ. ஐந்து முதல் பத்து நிமிடம் போதும்
- குழு அறிமுகம், ஒரு பக்கம். அதிகமாக எழுதினால் படிக்க மாட்டார்கள்
- ஆட்டக்காரர், இசைக்காரர், நடத்துநர் என்று பிரித்த எண்ணிக்கை
- கருவிகளின் பட்டியலும் படமும்
- 5, 15, 30, 60 நிமிட நிகழ்ச்சிகளுக்கான வரிசை
- அச்சுக்கு ஏற்ற தரமான படங்கள்

நேரடி இசை இல்லையென்றால் பெரும்பாலான நல்ல விழாக்களில் இடம் கிடைக்காது. பதிவு செய்த பாட்டைப் போட்டு ஆடும் பழக்கம் உங்கள் குழுவில் வந்திருந்தால், இதைச் சாக்காக வைத்தே பழைய வாத்தியக்காரர்களைத் தேடிப் போய் அழைத்து வாருங்கள். விழாவால் எங்களுக்கு நடந்த மிகப் பெரிய நன்மை இதுதான். வாசிப்பதை விட்டுவிட்டுக் கூலி வேலைக்குப் போய்க்கொண்டிருந்த இரண்டு பேர் மறுபடி கருவியைத் தொட்டார்கள்.

குழு அளவில் ஒரு சூட்சுமம் உண்டு. விழா 30 பேருக்கு இடம் தருகிறது என்பதற்காக 30 பேரை நிரப்பாதீர்கள். அதிகாரிகள், நன்கொடை தந்தவரின் உறவினர் என்று பட்டியலில் ஏறும் ஒவ்வொருவரும் ஒரு கலைஞரின் இடத்தைப் பிடிக்கிறார்கள்.

4. அழைப்புக் கடிதமும் ஒப்பந்தமும் (8 மாதம் முன்பு)

இரண்டும் வேறு வேறு. அழைப்புக் கடிதம் தூதரகத்துக்கு, ஒப்பந்தம் உங்கள் பாதுகாப்புக்கு.

அழைப்புக் கடிதத்தில் ஒவ்வொருவரின் பெயரும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, பாஸ்போர்ட் எண், பிறந்த தேதியோடு இருக்க வேண்டும். விழா நாட்கள், தங்கும் முகவரி, எந்தச் செலவை யார் ஏற்கிறார்கள், பொறுப்பாளரின் கையொப்பம், தொலைபேசி எண் ஆகியவையும் வேண்டும். "உங்கள் குழுவை அன்புடன் அழைக்கிறோம்" என்ற பொதுக் கடிதம் தூதரகத்தில் செல்லாது.

ஒப்பந்தத்தில் பாருங்கள்: ஒரு நாளைக்கு எத்தனை நிகழ்ச்சி, ஓய்வு நாள் உண்டா, முதலுதவி யார் பொறுப்பு, விழா ரத்தானால் என்ன செய்வார்கள், விழா எடுக்கும் வீடியோவை எங்கெல்லாம் பயன்படுத்துவார்கள். கடைசியாகச் சொன்னதைப் பலர் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறார்கள். பாட்டுக்கு ஆசிரியர் பெயர் இல்லை என்பதால் பாடுபவருக்கு உரிமை இல்லை என்று ஆகிவிடாது. 1996ஆம் ஆண்டின் உலக அறிவுசார் சொத்து அமைப்பு ஒப்பந்தம் ஒன்று, நாட்டார் கலை வெளிப்பாடுகளை நிகழ்த்துபவரையும் 'நிகழ்த்துநர்' என்ற வரையறைக்குள் வெளிப்படையாகவே சேர்க்கிறது. விழா ஆவணத்துக்கு அனுமதி கொடுங்கள். இசைத்தட்டாகவோ விளம்பரமாகவோ விற்பதற்குத் தனி ஒப்புதல் வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். நாங்கள் கேட்டபோது விழாக்காரர்கள் மறுப்பே சொல்லாமல் சேர்த்தார்கள்.

5. பணம்

செலவில் முதலிடம் விமானக் கட்டணத்துக்கு. அது எல்லோருக்கும் தெரியும். கையைக் கடிப்பவை மற்றவை: கருவிகளுக்கான கூடுதல் எடைக் கட்டணம், விசாவுக்கு நேரில் போய்வரும் செலவு (பெரும்பாலோர் நேரில் கைரேகை கொடுக்க வேண்டும், விசா மையம் உங்கள் ஊரில் இருக்காது), மொழிபெயர்ப்பும் நோட்டரியும், காப்பீடு, கருவிகளுக்கான சுங்கப் பிணைத்தொகை, விமான நிலையத்திலிருந்து விழா நகருக்குப் பேருந்து. கடைசிச் செலவை விழா ஏற்கிறதா என்று எழுத்தில் கேளுங்கள். சில விழாக்கள் நகர எல்லையிலிருந்துதான் பொறுப்பேற்கின்றன.

நான் முதல்முறை எழுதாமல் விட்ட செலவு ஒன்று உண்டு. அது கலைஞர்களின் கூலி இழப்பு. நாட்டார் கலைஞர்களில் பெரும்பாலோர் அன்றாட வேலைக்குப் போகிறவர்கள். மூன்று வாரம் வெளிநாட்டில் இருந்தால் வீட்டில் மூன்று வாரம் வருமானம் இல்லை. "வெளிநாடு போகக் கிடைத்ததே பெரிது" என்று நினைத்துக்கொண்டு அவர்களை வெறுங்கையோடு கூட்டிப் போகாதீர்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு நாள் படி வைத்து, அதில் பாதியைக் கிளம்பும் முன்பே வீட்டில் கொடுத்துவிடுங்கள். இதற்கு நிதி திரட்ட முடியவில்லையென்றால் ஆள் எண்ணிக்கையைக் குறையுங்கள், அல்லது அடுத்த ஆண்டுக்குத் தள்ளுங்கள்.

மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கைத் தொடாமல் வையுங்கள். எங்களுக்கு அது ஒருவரின் பல் வலிக்கும் ஒரு மறுபயணச் சீட்டுக்கும் சரியாகப் போனது.

அரசு மானியம் கிடைக்கும் நாடுகளில், பணம் பெரும்பாலும் பயணம் முடிந்து ரசீது கொடுத்த பிறகே வரும். ஆகவே மானியம் உறுதியானாலும் கையில் முன்பணம் வேண்டும். விமான ஏறுகைச் சீட்டுகளின் அடிக்கட்டைகளைத் தூக்கிப் போடாமல் ஒருவரே எல்லோரிடமும் வாங்கி வைக்கட்டும்.

6. விசா (6 மாதம் முன்பு தொடங்குங்கள்)

ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளுக்கு (ஒரே விசாவில் போய்வரக்கூடிய நாடுகளின் கூட்டம்) உறுதியான விதிகள் இவை:

- பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 15 நாளுக்குக் குறைவாக இருக்கும்போது முடியாது
- முடிவெடுக்க 15 நாள். கூடுதல் விசாரணை என்றால் 45 நாள் வரை நீளலாம்
- பாஸ்போர்ட் கடந்த பத்து ஆண்டுக்குள் வழங்கியதாக இருக்க வேண்டும். திரும்பும் நாளுக்குப் பின் மூன்று மாதமாவது செல்லுபடியாக வேண்டும். இரண்டு வெற்றுப் பக்கமும் வேண்டும்
- மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு
- முன்பு கைரேகை கொடுத்தவர்களுக்கு அது 59 மாதம் செல்லும். 12 வயதுக்குக் கீழ் கைரேகை தேவையில்லை

பலருக்குத் தெரியாத ஒரு சலுகையும் இருக்கிறது. இலாபநோக்கற்ற அமைப்பின் சார்பில், இன்னொரு இலாபநோக்கற்ற அமைப்பு நடத்தும் பண்பாட்டு நிகழ்ச்சிக்குப் போகும் 25 வயது வரையுள்ளவர்களுக்கு ஷெங்கன் விசாக் கட்டணம் இல்லை. இரண்டு அமைப்புகளின் பதிவுச் சான்றையும் இணைத்து நீங்களாகக் கேட்க வேண்டும். கவுன்டரில் எவரும் எடுத்துச் சொல்ல மாட்டார்கள். விசா மையத்தின் சேவைக் கட்டணம் தனி, அது இதில் சேராது.

பல நாட்டு விழாக்களை ஒரே பயணத்தில் இணைத்தால், அதிக நாள் தங்கும் நாட்டில் விண்ணப்பியுங்கள். நாட்கள் சமமென்றால் முதலில் நுழையும் நாட்டில். நடுவில் பிரிட்டன் போல ஷெங்கனுக்கு வெளியே உள்ள நாட்டுக்குப் போய்த் திரும்புவதாக இருந்தால் பல நுழைவு விசா கேளுங்கள். ஒற்றை நுழைவு விசாவோடு போய் எல்லையில் நின்றவர்களை எனக்குத் தெரியும்.

அமெரிக்காவில் ஊதியத்தோடு ஆடும் மரபுக் கலைஞர்களுக்கென்றே பி-3 (P-3) என்ற விசா வகை உண்டு. அதற்கு அங்குள்ள அழைப்பாளர் முதலில் அந்நாட்டுக் குடிவரவுத் துறையிடம் ஐ-129 என்ற மனுவைப் போட வேண்டும். இது மாதக் கணக்கில் ஆகும் வேலை. பிரிட்டனில் 'அனுமதி தேவையில்லா விழாக்கள்' (கலைஞர்கள் தனி வேலை அனுமதி இல்லாமல் ஆடக்கூடியவை) என்று அரசு ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. உங்கள் விழா அதில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

சம்பளச் சீட்டு இல்லாதவர்கள். எங்கள் விசா தாமதத்துக்கு இதுதான் காரணம். படிவம் வங்கிக் கணக்கு அறிக்கை, பணியிடக் கடிதம், வருமான வரி ஆவணம் கேட்கிறது. கூலி வேலை செய்யும் கலைஞரிடம் இவை எதுவும் இருக்காது. வெறுமனே விட்டுவிடாமல் மாற்று ஆவணங்களால் நிரப்புங்கள்: உள்ளாட்சி அலுவலரின் குடியிருப்புச் சான்று, கலைஞர் அடையாள அட்டை, நிலம் அல்லது வீட்டுப் பத்திரம், குடும்பத்தினர் விவரம், பிள்ளைகளின் பள்ளிச் சான்று, பழைய நிகழ்ச்சிகளின் அழைப்பிதழ், செய்தித்தாள் நறுக்குகள், முழுச் செலவையும் ஏற்கும் உங்கள் அமைப்பின் உறுதிக்கடிதமும் வங்கி அறிக்கையும். எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கோப்பு, ஒரே வரிசை, முன்பக்கத்தில் குழுப் பட்டியல். நேர்காணலில் கலைஞர்கள் மனப்பாடம் செய்த பதிலைச் சொல்ல வேண்டாம். "என்ன வாசிப்பீர்கள்?" என்று கேட்டால் மேசையில் தட்டிக் காட்டட்டும். எங்கள் குழுவில் ஒருவர் அப்படித்தான் செய்தார். அவருக்கு விசா சிக்கலின்றி வந்தது.

பெயர். ஒரு எழுத்து மாறினாலும் சிக்கல்தான். பாஸ்போர்ட், அழைப்புக் கடிதம், விமானச் சீட்டு, காப்பீடு நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இரண்டு பேர் சேர்ந்து வாய்விட்டுப் படித்துச் சரிபாருங்கள். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருப்பவர்களுக்குச் சீட்டு எப்படிப் போடுவது என்று விமான நிறுவனத்தைக் கேட்ட பிறகே முன்பதிவு செய்யுங்கள்.

சிறுவர்கள். தாய் தந்தை இருவரின் ஒப்புதல், நோட்டரி சான்றோடு. சில நாடுகள் அப்போஸ்டில் முத்திரையும் (ஆவணம் வெளிநாட்டிலும் செல்லும் என்று அரசு தரும் சான்று) கேட்கும். அதற்குத் தனியாக இரண்டு மூன்று வாரம் வைத்துக்கொள்ளுங்கள்.

வேட்டைக்காரர்கள். குழுவோடு ஒருவரைச் சேர்த்துக்கொண்டால் மொத்த விமானச் செலவையும் தருகிறேன் என்று எவராவது நிச்சயம் வருவார். அந்த ஆள் அங்கே போய் இறங்கியதும் காணாமல் போவார். அதன் பிறகு உங்கள் குழுவுக்கு மட்டுமல்ல, உங்கள் பகுதியிலிருந்து போகும் எந்தக் கலைஞருக்கும் விசா குதிரைக்கொம்பாகிவிடும். இது குற்றமும்கூட. குறைந்தது ஓராண்டு உங்களோடு ஆடாத எவரையும் பட்டியலில் ஏற்றாதீர்கள். பணம் போதாமல் பயணமே நின்றாலும் சரி.

7. கருவிகளும் உடைகளும் (4 மாதம் முன்பு)

எங்கள் கருவி பிடிபட்டது இப்படித்தான். சுங்க அதிகாரி கருவியைத் திருப்பிப் பார்த்தார், விரலால் தோலைத் தடவினார், "இது எந்த விலங்கு?" என்று கேட்டார். ஒருவர் ஆடு என்றார், ஒருவர் தெரியாது என்றார். வாசிப்பவரிடம் கேட்டபோது அவர் பெருமையாக உண்மையைச் சொன்னார்: உடும்பு. உடும்பு இனங்கள் அனைத்தும் சைட்டிஸ் எனும் வனவுயிர் வணிகக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையின் பட்டியலில் இருக்கின்றன. சில இனங்கள் மிகக் கடுமையான முதல் பட்டியலிலேயே உள்ளன. தம் அப்பா கையால் போர்த்திய கருவியை அங்கேயே விட்டுவிட்டு அந்த மனிதர் நடந்து வந்ததை என்னால் மறக்க முடியவில்லை.

ஆகவே ஒவ்வொரு பொருளுக்கும் "இது எதனால் ஆனது?" என்று எழுதுங்கள். தோல், தந்தம், ஆமை ஓடு, மலைப்பாம்புத் தோல், இறகு, சங்கு, பல், கொம்பு, மரவகை. சைட்டிஸ் பட்டியலில் உள்ள பொருள் இருந்தால் இசைக்கருவிச் சான்றிதழ் என்று ஒன்று கிடைக்கும், மூன்று ஆண்டு வரை செல்லும். உங்கள் நாட்டின் சைட்டிஸ் அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கருவி எப்போது, எங்கிருந்து வந்தது என்பதற்குச் சான்று கேட்பார்கள். ஈட்டி வகை மரங்கள் பலவற்றால் ஆன, முழுமையடைந்த இசைக்கருவிகளுக்கு 2019இல் விலக்கு கிடைத்துவிட்டது. பிரேசில் ஈட்டிக்கு மட்டும் அந்த விலக்கு இல்லை. சைட்டிஸ் தாண்டி, உள்நாட்டு வனவிலங்குச் சட்டமே சில பொருள்களை வைத்திருக்கவோ வெளியே கொண்டுபோகவோ தடுக்கும். சந்தேகமிருந்தால் அனுமதிக்கப்பட்ட தோலில் பயணத்துக்கென்று இன்னொரு கருவி செய்துகொள்ளுங்கள். செய்யத் தெரிந்த கைவினைஞர் இருக்கும்போதே அதைச் செய்யச் சொல்லி, செய்முறையையும் பதிவு செய்துவிடுங்கள்.

ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் உலர்ந்த சுரைக்காய், வைக்கோல், விதை, மரப்பட்டை, இறகு எல்லாவற்றையும் கேள்வி கேட்கும். இறங்கும் படிவத்தில் மறைக்காமல் எழுதுங்கள். அறிவித்தால் சோதித்துவிட்டு விடுவார்கள், அல்லது எடுத்துக்கொள்வார்கள். அறிவிக்காவிட்டால் அபராதம்.

மதிப்புள்ள கருவிகள் நிறைய இருந்தால் ஏடிஏ கார்னே எடுங்கள். பொருள்கள் தற்காலிகமாக நாட்டுக்குள் வந்து திரும்புகின்றன என்பதற்கான சுங்க ஆவணம் இது. பெரும்பாலும் வணிகச் சபைகள் வழங்குகின்றன. அதிகபட்சம் ஓராண்டு செல்லும். பிணைத்தொகை கட்ட வேண்டும். பட்டியலில் ஒவ்வொரு பொருளின் பெயர், எண்ணிக்கை, எடை, மதிப்பு, தயாரான நாடு எல்லாம் வேண்டும். வழங்கிய பிறகு பட்டியலில் எதையும் சேர்க்க முடியாது. கடைசி நிமிடத்தில் "இன்னொரு தாளத்தையும் எடுத்துக்கலாம் அண்ணே" என்று வருபவர்களிடம் கறாராக இருங்கள். நுழையும்போதும் வெளியேறும்போதும் ஒவ்வொரு எல்லையிலும் முத்திரை வாங்க வேண்டும். திரும்பும் அவசரத்தில் ஒரு முத்திரை விட்டுப்போனால், கருவி உங்கள் வீட்டில் இருந்தாலும் அது அங்கேயே விற்கப்பட்டதாகக் கருதி வரி கேட்டு கடிதம் வரும். விமான நிலையத்தில் சுங்க மேசை எங்கே இருக்கிறது, எப்போது திறக்கும் என்று முன்பே கேட்டு, அதற்காகவே ஒரு மணி நேரம் கூடுதலாக வையுங்கள்.

விமானத்தில்: கத்தி, வேல், கம்பு எல்லாம் சரக்குப் பெட்டியில், முன் அறிவிப்போடு. தீ ஆட்டத்துக்கான எண்ணெய் எதிலும் ஏறாது, அங்கேயே ஏற்பாடு செய்யச் சொல்லுங்கள். தோற்கருவியின் வாரைத் தளர்த்தி அனுப்புங்கள். குளிர்நாட்டில் இறங்கியதும் ஒரு நாள் அறையில் இருந்து பழகிய பிறகு இழுத்துக் கட்டட்டும்.

8. சுருக்குவது எப்படி

சுருக்காமல் மேடை கிடையாது. ஆனால் யார் சுருக்குகிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முதல்முறை நானும் ஒரு நடன ஆசிரியரும் உட்கார்ந்து வேகமான பகுதிகளைப் பொறுக்கி எடுத்தோம். இரண்டாம் முறை பெரியவர்களிடமே "பதினைந்து நிமிடம்தான் இருக்கிறது, எதைக் காட்டலாம்?" என்று கேட்டோம். அவர்கள் வேகத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை. நிதானமான தொடக்கத்தை முழுசாக வைத்துக்கொண்டு, நடுவில் ஒரு கதைப் பகுதியை மட்டும் எடுத்தார்கள். பார்வையாளர்கள் அதைத்தான் அமைதியாக உட்கார்ந்து பார்த்தார்கள்.

மேடை வடிவத்துக்கு வேறு பெயர் வையுங்கள். "மேடைப் பகுதி" என்றோ வேறெப்படியோ. ஊரில் ஆடும் முழு வடிவத்தின் பெயரை அதற்குக் கொடுக்காதீர்கள். சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் பத்து ஆண்டு கழித்து ஒரு சிறுமி "முழுசு எங்கே?" என்று கேட்பது இந்தப் பெயரால்தான்.

9. விழா நாட்களில்

ஊர்வலம், திறப்பு விழா, மேடை என்று நேரம் ஓடிவிடும். பரிமாற்றம் என்பது இவற்றுக்கு நடுவே, சாப்பாட்டு மேசையிலும் பேருந்திலும்தான் நடக்கிறது. முன்கூட்டியே விழாக்குழுவிடம் ஒரு பயிலரங்கு கேளுங்கள். நம்மவர் கற்பிக்கட்டும், மற்றவர்களிடம் கற்கவும் செய்யட்டும். ஹங்கேரியின் தான்ஸ்ஹாஸ் ('நடன வீடு') முறை 2011இல் யுனெஸ்கோவின் நல்ல பாதுகாப்பு நடைமுறைகளின் பதிவேட்டில் ஏறியதற்குக் காரணம், அங்கே யார் வேண்டுமானாலும் வந்து மரபுக் கலைஞர்களைப் பார்த்து, அவர்களோடு சேர்ந்து ஆடியே கற்கிறார்கள் என்பதுதான். பல்கேரியாவின் கோப்ரிவ்ஷ்திட்சா விழாவும் 2016இல் அதே பதிவேட்டில் சேர்ந்தது. ஐந்தாண்டுக்கு ஒருமுறை நடக்கும் அதில், தொழில்முறைக் கலைஞர்கள் இல்லாமல் ஊர் ஊராகத் தேர்வாகி வரும் மக்களே ஆடுகிறார்கள். வாய்ப்பு கிடைத்தால் ஆடப் போகாமல் பார்க்கவாவது போங்கள். ஒரு விழாவை எப்படி நடத்துவது என்று அங்கே கற்கலாம்.

குழுவில் ஒருவர் ஆடாமல், தினமும் பதிவு எழுதட்டும். யாரைச் சந்தித்தோம், எந்தக் கருவி நம்முடையதைப் போல இருந்தது, யார் வர விரும்புகிறார்கள்.

10. திரும்பிய பிறகு

முதல் வாரத்தில் கணக்கு முடியுங்கள், கார்னேயைத் திருப்பி ஒப்படையுங்கள், பிணைத்தொகைக்கு எழுதுங்கள். ஊர் திரும்பியதற்கான சான்றை விசா மையம் கேட்டிருந்தால் பாஸ்போர்ட் முத்திரைப் பக்கங்களின் நகலை அனுப்புங்கள்.

இரண்டு மாதத்துக்குள் ஊரில் முழு ஆட்டத்தையும் நடத்துங்கள். போய்வந்த இளையவர்களே ஆடட்டும், முதல் படியில் எடுத்த பதிவை வைத்துக்கொண்டு பெரியவர்கள் திருத்தட்டும். பயண நிதியைத் திட்டமிடும்போதே இந்த இரவுக்கான செலவையும் அதில் சேர்த்துவிடுங்கள். திரும்பிய பிறகு இதற்கென்று பணம் கேட்டால் எவரும் கொடுப்பதில்லை.

அழைத்த குழுவைத் திருப்பி அழைப்பதாக வாக்குக் கொடுத்திருந்தால், அந்த வேலையையும் இப்போதே தொடங்குங்கள். அவர்களுக்கும் அழைப்புக் கடிதம் எட்டு மாதம் முன்பே வேண்டும். அதில் அவர்கள் பெயர்களைப் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுங்கள்.